சாமை மில்லுக்கு எத்தனை அளவுகள்?

உமி விஷயத்தில் கேழ்வரகு தொல்லை தராத தானியம். கதிரை அடித்துத் தூற்றும்போதே மேல்தோல் கழன்றுவிடும். கல் மண் பார்த்துத் திரிகையில் போட்டால் மாவு. அன்று ராத்திரியே களி. சாமை அப்படி இல்லை. அடித்துத் தூற்றிய பிறகும் ஒவ்வொரு மணியும் வழுவழுப்பான கெட்டி உறைக்குள் உட்கார்ந்திருக்கும். அதைப் பிரிக்காமல் சோறு கிடையாது. தினை, பனிவரகு, குதிரைவாலி எல்லாம் இப்படித்தான். வரகு எல்லாவற்றையும்விட மோசம். அதற்கு உறைமேல் உறை.

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறினால் செம்மேடு வரும். மலையின் 14 நாடுகளில் ஒன்றான வாழவந்தி நாட்டைச் சேர்ந்த ஊர் அது. இந்த மேட்டு நிலத்தில் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சிறுதானியம் விதைத்து வந்தார்கள். சாமையில் மட்டும் வெள்ளைப் பெருஞ்சாமை, மல்லியசாமை, கட்டவெட்டிச் சாமை, திரிகுலாசாமை என்று பல ரகங்கள் உண்டு. பிறகு சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி மலையேறியது. ரேஷன் கடையில் நெல்லரிசி வந்தது. சாமைக்காடு சுருங்கியது.

பணப்பயிரையும் ரேஷனையும் எல்லோரும் சொல்வார்கள். மூன்றாவது காரணம் வீட்டுக்குள் இருந்தது: உரலும் உலக்கையும். அடுப்பில் வேக வைக்கத் தயாரான அரிசி ரேஷன் கடையில் கிடைக்கும்போது, காலையில் எழுந்து சாமை குத்து என்று எந்தப் பெண்ணிடம் சொல்ல முடியும்? எம். எஸ். சுவாமிநாதன் 1988-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் 1990-களின் நடுவிலிருந்து கொல்லிமலையில் வேலை செய்கிறது. சிறுதானியச் சாகுபடி குறைந்ததற்குப் பதப்படுத்தும் பாடும் ஒரு காரணம் என்பதை அந்த நிறுவனத்தார் ஆரம்பத்திலேயே கண்டுகொண்டார்கள். விதை வங்கி, ரகப் பாதுகாப்பு ஆகியவற்றோடு, சுய உதவிக் குழுக்கள் பொறுப்பில் ஊருக்குள் சிறு மில்கள் வைக்கும் வேலையும் நடந்தது. விதையைக் காப்பாற்ற மில் வைத்தார்கள் என்று கேட்டால் சம்பந்தமில்லாததுபோலத் தோன்றும். உண்மையில் அதைவிடச் சம்பந்தமுள்ள வேலை வேறில்லை. தின்ன முடியாத தானியத்தை யாரும் விதைக்க மாட்டார்கள்.

மில் வைப்பது என்று முடிவெடுத்த இடத்தில்தான் இந்தக் கட்டுரைக்கான கேள்வி தொடங்குகிறது. “சாமை குத்த ஒரு மில் வேணும்” என்று ஒரு பெண் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டறைக்காரர் இதை வைத்து என்ன செய்வார்? எஃகுத் தகட்டை எத்தனை மில்லிமீட்டரில் வெட்டுவது, எத்தனை குதிரைத்திறன் மோட்டார் போடுவது, சல்லடைக்கு எவ்வளவு துளை விடுவது என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அந்தப் பெண்ணுக்கு இல்லை. அவர் சொன்னது தேவை. பட்டறைக்கு வேண்டியது அளவு. இடையில் உள்ள தூரத்தைக் கடப்பது தனி வேலை. பொருள் வடிவமைப்பில் பெரும்பாலான தோல்விகள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன. வெல்டிங்கில் நடப்பது குறைவு.

முதல் தவறு, நெல் மில்லைச் சிறியதாகச் செய்தால் சாமை மில் ஆகிவிடும் என்று நினைப்பது. நெல்மணிக்கும் அதன் உமிக்கும் நடுவில் கொஞ்சம் காற்று இடைவெளி உண்டு. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு ரப்பர் உருளைகளுக்கு நடுவே விட்டால், உமி ஒரு பக்கமும் அரிசி ஒரு பக்கமுமாக வழுக்கிப் பிரியும். சாமையில் உமி மணியோடு ஒட்டி இறுகியிருக்கும். மணியோ மிகப் பொடி. ஆயிரம் நெல்மணிகள் 20 முதல் 25 கிராம் இருக்கும். ஆயிரம் சாமை மணிகள் 2 முதல் 3 கிராம்தான். இவ்வளவு சிறிய, உருண்டை மணியைப் பிடிக்கும் அளவுக்கு ரப்பர் உருளைகளின் இடைவெளியைச் சீராக வைத்திருப்பது கடினம். ரப்பர் கொஞ்சம் தேய்ந்தாலே மணி பிடிபடாமல் நழுவிப் போய்விடும்.

அதனால் சிறுதானியத்துக்குப் பெரும்பாலும் மோதல் முறை. வேகமாகச் சுழலும் ஒரு சக்கரத்தின் நடுவில் தானியம் விழும். சக்கரத்தின் தடுப்புகள் அதை வெளிப்பக்கமாக வீசும். மணி போய்ச் சுற்றுச்சுவரில் மோதும். அந்த அடியில் உமி வெடித்துக் கழலும். பார்க்க எளிய ஏற்பாடு. ஆனால் எவ்வளவு வேகத்தில் மோத வேண்டும்?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சக்கரத்தின் குறுக்களவு 30 சென்டிமீட்டர், நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால், விளிம்பின் வேகம் வினாடிக்கு 47 மீட்டர். இரண்டரை மில்லிகிராம் எடையுள்ள சாமை மணி அந்த வேகத்தில் மோதும்போது அதன் ஆற்றல் சுமார் 3 மில்லிஜூல். இதே வேகத்தில் ஒரு நெல்மணியை வீசினால் அதனிடம் பத்து மடங்கு ஆற்றல் இருக்கும், ஏனெனில் எடை பத்து மடங்கு. உமியின் பரப்பு அப்படிப் பத்து மடங்கு வேறுபடுவதில்லை. வடிவம் ஒன்றுபோல என்று வைத்துக்கொண்டால் நாலரை மடங்கு சொச்சம்தான். ஆக, ஒரு சதுர மில்லிமீட்டர் உமியை உடைக்கச் சாமை மணியிடம் இருக்கும் ஆற்றல் நெல்மணியிடம் இருப்பதில் பாதிக்கும் குறைவு. ஈடுகட்ட ஒரே வழி வேகத்தைக் கூட்டுவது. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகத்தை இரட்டித்தால் அடி நான்கு மடங்கு. கூட்டிக்கொண்டே போனால் உமியோடு சேர்ந்து உள்ளே இருக்கும் அரிசியும் நொய்யாகிவிடும்.

இங்கே நம் பெண்ணின் வாக்கியத்துக்குத் திரும்ப வேண்டும். அவர் “குத்த வேணும்” என்று சொன்னதற்குள் குறைந்தது இரண்டு தேவைகள் ஒளிந்திருந்தன. சோற்றில் உமி நெருடக் கூடாது என்பது ஒன்று. சோறு உதிரியாக இருக்க வேண்டும், குழையக் கூடாது என்பது மற்றொன்று. முதலாவதைப் பொறியாளர் மொழியில் சொன்னால், வெளியே வரும் நூறு மணியில் உமியோடு மிஞ்சுவது எத்தனை? இரண்டாவது, நூறில் நொய் எத்தனை? ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றது கூடும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்று இயந்திரவியல் பாடப்புத்தகத்தில் எழுதியிருக்காது. சாப்பிடுகிறவர்தான் சொல்ல வேண்டும். கஞ்சியும் உப்புமாவும் செய்யும் வீட்டுக்கு நொய் பெரிய விஷயமில்லை. சோறு வடிக்கும் வீட்டுக்கு அது நஷ்டம். விற்பனைக்குக் கொண்டு போகிறவருக்கு நொய் என்பது விலை குறைந்த வேறொரு சரக்கு.

ஒரே அடியில் வேலையை முடிக்க நினைக்காமல், மிதமான அடி இரண்டு கொடுப்பது ஒரு வழி. ஒவ்வொரு சுற்றிலும் நூற்றுக்கு 70 மணி உமி நீங்குகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் சுற்றில் மிஞ்சுவது 30, இரண்டாவதில் 9, மூன்றாவதில் மூன்றுக்கும் குறைவு. ஆனால் முதல் சுற்றிலேயே உமி நீங்கிய 70 மணிகளையும் மறுபடி உள்ளே அனுப்பினால், போர்வை இல்லாத அந்த மணிகள் இரண்டாவது அடியில் உடையும். அவற்றை முன்பே பிரித்துவிட வேண்டும். நெல்லில் இந்தப் பிரிப்பு ஓரளவு சுலபம். சாமையில் உமியுள்ள மணிக்கும் உமி போன மணிக்கும் உருவில் உள்ள வித்தியாசம் மில்லிமீட்டரின் சிறு பின்னம். சல்லடைத் துளை கொஞ்சம் பிசகினாலும் இரண்டும் சேர்ந்தே இறங்கும். கொல்லிமலையில் இன்னொரு சிக்கலும் சேரும். வீட்டுக்கு வீடு ரகம் வேறு. கட்டவெட்டிக்குப் பொருந்தும் சல்லடை பெருஞ்சாமைக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. சமவெளியில் ஒரே ரகத்தை வாங்கி அரைக்கும் ஆலைக்கு இந்தத் தொல்லை இல்லை. எனவே மலை மில்லின் தேவைப் பட்டியலில், ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே கழற்றி மாட்டக்கூடிய சல்லடை என்று ஒரு வரி எழுத வேண்டும். பல ரகம் விளைவது கொல்லிமலையின் பெருமை என்று மேடையில் பேசுகிறோம். அந்தப் பெருமைக்கு இயந்திரத்தில் செலுத்த வேண்டிய விலை இது.

இப்போது ஈரம். உமி நன்றாகக் கழல மணியில் ஈரம் 10 முதல் 12 சதவீதம் இருப்பது நல்லது. அதிகமானால் உமி நார்போல வளையும், வெடிக்காது. மிகவும் காய்ந்தால் அரிசி தெறிக்கும். வடகிழக்குப் பருவமழையும் மலைமூட்டமும் இருக்கும் மாதங்களிலேயே சாமை களத்துக்கு வருகிறது. ஆய்வுக்கூடத்தில் ஒரே சீராகக் காயவைத்த மாதிரியில் அருமையாக ஓடிய இயந்திரம் கார்த்திகை மாதத்துச் செம்மேட்டில் முரண்டு பிடித்தால் இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ‘இத்தனை சதவீத ஈரம் முதல் இத்தனை சதவீத ஈரம் வரை’ என்ற வரியை எழுத மறந்தவரைத்தான் கேட்க வேண்டும்.

மின்சாரமும் அப்படியே. மலைக் குடியிருப்புகளில் எளிதில் கிடைப்பது சிங்கிள் பேஸ் இணைப்பு. கம்பியின் கடைக்கோடியில் இருக்கும் வீட்டில் 230 வோல்ட் என்பது பெயருக்குத்தான். சாதாரண மில் மோட்டாரின் முறுக்கு விசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு குறையும். 230 வோல்ட் 180 ஆக இறங்கினால் விசை நூற்றுக்கு 61 ஆகிவிடும். பாரம் ஏறும்போது சக்கரத்தின் வேகம் தளரும். மேலே பார்த்தோமே, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அடி குறையும் என்று. முடிவில் உமி கழலாது. மில்லுக்கு வந்தவர் “இன்னைக்கு மில்லு சரியா அடிக்கல” என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒரு வாக்கியத்துக்குள் மின்வாரியம், மோட்டார், சக்கரம், உமி நான்கும் சங்கிலிபோலக் கோத்திருப்பதைப் பார்க்கத் தெரிவதுதான் வடிவமைப்பாளரின் தொழில்.

இத்தகைய கோர்வையை ஒழுங்காக எழுதிவைக்க ஜப்பானியர்கள் ஒரு முறையைக் கண்டார்கள். யோஜி அகாவோ என்பவர் 1966-இல் இதன் அடிப்படைக் கருத்தை முன்வைத்தார். 1972-இல் கோபே நகரில் உள்ள மிட்சுபிஷியின் கப்பல் கட்டும் தளத்தில் அது ஒரு பெரிய அட்டவணையாக உருவெடுத்தது. இடப்பக்கம் வாடிக்கையாளர் தம் வாயால் சொன்னவை. மேற்பக்கம் பொறியாளர் அளக்கக்கூடியவை. நடுவில் எது எதைப் பாதிக்கிறது, எவ்வளவு பாதிக்கிறது என்ற குறிகள். உச்சியில் கூரைபோல ஒரு முக்கோணம். அளவுகள் ஒன்றோடொன்று எங்கே மோதுகின்றன என்று அங்கே குறிப்பார்கள். கூரையோடு பார்க்க வீடு மாதிரி இருப்பதால் ‘தர வீடு’ என்று பெயர் நின்றுவிட்டது. 1988-இல் ஜான் ஹவுசர், டான் கிளாசிங் இருவரும் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரை இதை உலகெங்கும் கொண்டு போனது. இன்று நம் ஊர்ப் பொறியியல், மேலாண்மை வகுப்புகளிலும் இது பாடம். கார்க் கதவை வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். சாமை மில்லை வைத்துச் சொல்லிக்கொடுத்தால் நன்றாக மனத்தில் நிற்கும் என்பது என் அபிப்பிராயம்.

அட்டவணையில் அழகாகத் தெரிவது கூரைதான். சாமை மில்லின் கூரையில் வேகமும் நொய்யும் மோதும் என்பதைப் பார்த்தோம். அதைவிடச் சுவாரசியமான ஒரு மோதல் உண்டு. இயந்திரத்துக்குள் தானியம் தானாக இறங்கி, முதல் சக்கரம், காற்றுப் புடைப்பு, இரண்டாம் சக்கரம், சல்லடை என்று ஒவ்வொன்றாகக் கடந்து வர வேண்டுமானால், தானியம் கொட்டும் வாய் உயரத்தில் இருக்க வேண்டும். ஆளுயரத்துக்கு மேலே வைத்தால் புவியீர்ப்பே பாதி வேலையைச் செய்துவிடும், செலவும் குறையும். ஆனால் 150 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணின் முழங்கை நிற்கும்போது தரையிலிருந்து ஏறத்தாழ 95 சென்டிமீட்டரில் இருக்கும். பத்து கிலோ சாமையை அதற்குமேல் தூக்கிக் கொட்டுவது நாள் முழுக்கச் செய்யக்கூடிய காரியமில்லை. உலக்கைப் பாட்டை ஒழிக்க வந்த இயந்திரம் தோள்பாட்டைக் கொடுத்தால் என்ன லாபம்? வாயைக் கீழே கொண்டுவந்தால் தானியத்தை மேலேற்ற ஒரு சிறு ஏற்றுவாளி வரிசை வேண்டும். அதற்குச் செலவு, பராமரிப்பு, கூடுதல் மின்சாரம். இதில் சரியான விடை என்று ஒன்று இல்லை. அந்த ஊரில் மில்லை ஓட்டப்போவது யார், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்று தெரிந்தால்தான் தீர்மானிக்க முடியும்.

வாடிக்கையாளர் சொல்லாமல் விடுவதும் உண்டு. நொரியாக்கி கானோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் 1984-இல் இதைப் பற்றி எழுதினார். சில குணங்கள் இருந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள். இல்லாவிட்டால் பொருளையே தூக்கி எறிவார்கள். அரிசியில் கல் இருக்கக் கூடாது என்பது அப்படிப்பட்டது. கேட்டால் அந்தப் பெண் சிரிப்பார், இதையெல்லாமா சொல்ல வேண்டும் என்று. ஆனால் அளவுப் பட்டியலில் எழுதாவிட்டால் பட்டறைக்காரர் செய்ய மாட்டார். மண்களத்தில் அடித்த சாமையில் மணியளவே உள்ள பொடிக்கல் வரும். சல்லடை அதைப் பிடிக்காது, ஏனென்றால் அளவு ஒன்று. அடர்த்தியில்தான் வித்தியாசம்: கல் தண்ணீரைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் கனம், தானியம் ஒன்றேகால் மடங்குக்குப் பக்கம். சாய்ந்த, அதிரும் தட்டின் அடியிலிருந்து காற்று ஊதினால் இலேசான தானியம் மிதந்து ஒரு பக்கம் நகரும், கல் தட்டோடு ஒட்டி மறுபக்கம் ஏறும். கல் நீக்கும் இயந்திரம் என்று விற்பது இதுதான். பெண்கள் முறத்தைச் சாய்த்துத் தட்டிக் கல்லை ஒதுக்குவதும் இதே இயற்பியல்தான்.

முறத்தைச் சொன்னதால் உரலையும் சொல்லிவிட வேண்டும். புதுக் கருவி செய்கிறவர்கள் பழைய கருவியின் குறைகளை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். உரல் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த நல்ல காரியங்களை யாரும் கேட்பதில்லை. உலக்கை மணியை நேராக உடைப்பதைவிட, மணியை மணியோடு உராயவைத்தே உமியைக் கழற்றுகிறது. அடி பரவலாக விழுவதால் நொய் கட்டுக்குள் இருக்கும். குத்துகிறவர் நடுவில் ஒரு பிடி அள்ளிப் பார்த்து, போதும் என்று நிறுத்துவார். இன்று ஈரம் அதிகம் என்றால் இரண்டு குத்து கூடப் போடுவார். எந்த ரகமானாலும் சரி, மின்சாரம் இல்லாவிட்டாலும் சரி. முக்கியமாக, இரண்டு கிலோ போட்டால் அந்த இரண்டு கிலோவும் திரும்பி வரும், உமியும் தவிடும் உட்பட. அந்தத் தவிடு கோழிக்கும் மாட்டுக்கும் போகும்.

இந்தக் கடைசிக் குணத்தை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பெரிய ஆலை ஒன்றில் குழாயிலும் மூலையிலும் ஒரு கிலோ தானியம் தங்கினால் யாருக்கும் தெரியாது. ஒரு நாளைக்கு டன் கணக்கில் ஓடுகிறது. வீட்டுக்கு ஐந்து கிலோ எடுத்துவரும் பெண்ணுக்கு அதே ஒரு கிலோ ஐந்தில் ஒரு பங்கு. அது அடுத்து வருபவரின் பையில் விழும். அவருடைய வேறு ரகச் சாமையோடு கலக்கும். தன் காட்டில் விளைந்த தானியம் தன்னிடமே முழுதாகத் திரும்ப வேண்டும் என்பது எந்த ஊர் மில்லிலும் எழுதாத சட்டம். மில்காரர்மேல் சந்தேகம் வந்துவிட்டால் அந்த மில்லுக்கு யாரும் வர மாட்டார்கள். எனவே ‘அரைத்து முடித்தபின் உள்ளே தங்குவது 50 கிராமுக்கு மிகக் கூடாது’ என்பதுபோல ஓர் அளவு தேவை. இந்த எண் நான் உதாரணத்துக்குச் சொல்வது. ஆனால் ஏதாவது ஓர் எண் இருந்தே ஆக வேண்டும். அது வந்தவுடன் வடிவமே மாறும்: மூலைகள் வளையும், தட்டுகளின் சரிவு கூடும், ஒரு கதவு வரும், கதவைத் திறந்து தூரிகையால் தள்ள இடம் வரும்.

வேறொரு சூழலுக்காக எழுதிய அளவுகள் நம் சமையலறையில் என்ன பாடுபடும் என்பதற்கு நன்கு தெரிந்த ஒரு கதை உண்டு. பம்பாயில் சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த சத்ய பிரகாஷ் மாத்தூர் வீட்டில் ஜெர்மன் நாட்டு பிரவுன் மிக்சி நின்றுபோனது. அது பழச்சாறு கலக்கவும் மாவு அடிக்கவும் அளந்து செய்தது. உளுந்தும் மஞ்சளும் தேங்காயும் அதன் கணக்கில் இல்லை. மாத்தூர் செய்தது இதுதான்: எதை அரைக்கிறார்கள், எவ்வளவு நேரம் விடாமல் அரைக்கிறார்கள் என்று பார்த்து, அந்தப் பாரத்தை நீண்ட நேரம் தாங்கும் வலுவான மோட்டாரைப் போட்டார். 1963-இல் சுமீத் மிக்சி சந்தைக்கு வந்தது. தென்னிந்திய வீடுகளில் அது பிடித்த இடம் எல்லோருக்கும் தெரியும்.

சாமை மில்லுக்கு அப்படி ஒரே ஒரு வாடிக்கையாளர் இல்லை என்பதுதான் கஷ்டம். மலையில் சமைத்துச் சாப்பிடுகிறவர் ஒருவர். மில்லை ஓட்டும் குழு இன்னொருவர். அவர்களுக்கு மின்கட்டணமும் அரவைக்கூலியும் கட்டுபடியாக வேண்டும், பெல்ட்டில் சேலை சிக்காமல் மறைப்பு வேண்டும், பழுதானால் நாமக்கல்லிலோ ராசிபுரத்திலோ உதிரிபாகம் கிடைக்க வேண்டும். மூன்றாவது ஆள் சென்னையிலும் பெங்களூரிலும் பாக்கெட் வாங்குகிறவர். கொல்லிமலைச் சாமை அரிசியும் ரவையும் மதிப்புக்கூட்டிய மாவுகளும் இன்று நகரத்துக்குப் போகின்றன. நகரத்தாருக்குத் தவிடு போகாத அரிசி வேண்டும், சத்துக்காக. அதே அரிசி அலமாரியில் மாதக்கணக்கில் கெடாமலும் இருக்க வேண்டும். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. உமி நீங்கியதும் காற்றும் நொதிகளும் அதைத் தாக்கும், சிக்கு வாடை வரும். உமிதான் இயற்கை கொடுத்த பாக்கெட். தவிட்டைத் தீட்டி எடுத்தால் நாள் தாங்கும், நார்ச்சத்தும் தாதுக்களும் போகும். இரண்டையும் ஒரே பாக்கெட்டில் கேட்பது நியாயமில்லை என்று நகரத்தாரிடம் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. மலையில் சாப்பிடுகிறவருக்கு இந்தச் சிக்கலே கிடையாது. இந்த வாரம் குத்தியதை இந்த வாரமே தின்றுவிடுவார்.

ஆகவே, யாருக்காக மில் என்று முதலில் கேட்டாக வேண்டும். விற்பனைக்கு என்றால் பெரிய கொள்ளளவு, தொடர்ச்சியான ஓட்டம், ஒரே ரகம். வீட்டுத் தட்டுக்கு என்றால் சிறு கொள்ளளவு, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் எச்சம், பல ரகம். இந்த இரண்டாவது வகையை எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டில் நல்ல வேலை நடந்திருக்கிறது. 2011 முதல் 2014 வரை கனடாவின் மெனனைட் பல்கலைக்கழகம், கோவையின் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், மதுரையின் தானம் அறக்கட்டளை ஆகியவை சேர்ந்து தென்னாசியாவின் மானாவாரிப் பகுதிகளில் சிறுதானியத்தை மீட்கும் திட்டமொன்றை நடத்தின. ஊர் அளவில் ஓடக்கூடிய சிறிய உமிநீக்கிகளை வடிவமைத்து, இங்குள்ள பட்டறைகளோடு சேர்ந்து மேம்படுத்துவது அதில் ஒரு பகுதி. கொல்லிமலையில் சுவாமிநாதன் நிறுவனம் ஊர்க் குழுக்களோடு செய்தது வேறு வழி. இரண்டும் வந்து நின்ற இடம் ஒன்றுதான். மில் ஊருக்குள் இருக்க வேண்டும், ஊரார் கையில் இருக்க வேண்டும்.

இன்று சாமை மில்லுக்கு ஆதரவு கூடியிருக்கிறது. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. மானியம் வருகிறது, இயந்திரங்கள் வருகின்றன. ஆனால் மானியத்தில் வாங்கும் இயந்திரத்துக்கான குறிப்பேட்டில் வழக்கமாகக் கண்ணில் படுவது கொள்ளளவும் குதிரைத்திறனும் விலையும்தான். மணிக்கு 100 கிலோ என்று எழுதுவது சுலபம், கடிகாரமும் தராசும் போதும். உமி எவ்வளவு மிஞ்சலாம், நொய் எவ்வளவு வரலாம், எவ்வளவு தானியம் உள்ளே தங்கலாம், 180 வோல்ட்டில் ஓடுமா, வாய் எவ்வளவு உயரம் என்பவற்றையும் எழுதினால்தான் அது சாமை மில்லுக்கான குறிப்பு. இல்லாவிட்டால் அது வெறும் மோட்டாருக்கான குறிப்பு. ஊர்க் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் அரசு மானிய இயந்திரங்களைப் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. அவற்றில் பல கெட்டுப்போனவை அல்ல. கேட்காத கேள்விகளுக்காக அங்கே நிற்கின்றன.

நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. லாரிக் கூண்டு கட்டுவதிலும் ஆழ்துளை ரிக் வண்டி செய்வதிலும் நாடறிந்த பட்டறைகளும் அங்கேயே இருக்கின்றன. ஓட்டுநர் வாயால் சொல்வதைக் கேட்டு இரும்பில் அளவாக மாற்றும் வித்தை அந்தப் பட்டறைக்காரர்களுக்கு ஏட்டுப்படிப்பில்லாமலே வரும். இறுதியாண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் செயல்திட்டம் தேடி அலைகிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பட்டறைக்காரரையும் சேர்த்துக்கொண்டு, சாமை களத்துக்கு வரும் மாதங்களில் செம்மேட்டுக்குப் போங்கள். தராசு, ஈரமானி, வோல்ட்மீட்டர், அளவுநாடா இந்த நான்கையும் கொண்டுபோங்கள். வரைபடம் எதையும் கொண்டுபோக வேண்டாம். அங்கே இருக்கும் மில்லில் ஐந்து கிலோ போட்டு, என்ன திரும்பி வருகிறது என்று எடைபோட்டுப் பாருங்கள். பக்கத்தில் நிற்கும் பெண்களிடம், பிடியை அள்ளிப் பார்த்து ‘போதும்’ என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். வரைவதை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.